புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏறவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

பாகங்களைத் தேடித் தேடி வாங்கி அசெம்பிள் செய்தாயிற்று. பவர் பட்டனைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது, மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையும் வருகிறது. விண்டோஸ் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. இந்த நேரத்தில் பலரும் அதே பென்டிரைவை வைத்து மறுபடி மறுபடி முயல்கிறார்கள், இல்லாவிட்டால் எங்கிருந்தோ விண்டோஸ் இன்ஸ்டால் கோப்பான ஐஎஸ்ஓவை இன்னொரு முறை இறக்குகிறார்கள். இரண்டுமே நேரத்தைத்தான் தின்னும்.

நாலு வருடம் ஓடிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏறாவிட்டால் பென்டிரைவையோ ஐஎஸ்ஓவையோ சந்தேகப்படலாம். புதிய கம்ப்யூட்டரில் புராசசர், ரேம், எஸ்எஸ்டி, மதர்போர்டு நான்கும் சேர்ந்து முழுமூச்சாக வேலை பார்ப்பதே இந்த இன்ஸ்டாலின்போதுதான். பல ஜிபி அளவுள்ள சுருக்கிய கோப்பைப் படித்து, ரேமில் விரித்து, எஸ்எஸ்டியில் எழுத வேண்டும். வழியில் ஒரு பிட் தவறினாலும் வேலை நின்றுவிடும். அதனால் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும், எந்தப் பாகத்தில் கை வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இங்கே விண்டோஸ் 11ஐ வைத்துத்தான் பேசுகிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய கம்ப்யூட்டரில் அதை ஏற்றுவதில் பொருள் இல்லை.

எதையும் தேடும் முன்

முதலில் கம்ப்யூட்டரைக் குறைந்தபட்ச நிலைக்குக் கொண்டுவாருங்கள். விண்டோஸ் ஏறப்போகும் ஒரே ஒரு எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும். மற்ற ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாவற்றின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பிரின்டர், கார்டு ரீடர், வெப்கேம் எதுவும் வேண்டாம். பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸ் இருந்தால் அதையும் ஏற்றிவிடுங்கள். கடையில் பல மாதம் இருந்த போர்டில் பழைய பயாஸ்தான் இருக்கும், புராசசரோ அதற்குப் பிறகு வந்ததாக இருக்கலாம். பயாஸ் ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டே முடங்கக்கூடும். அதனால் யுபிஎஸ் இல்லாத வீட்டில் பவர் கட் வரும் நேரமாகப் பார்த்து இதைத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ரேமை மாற்றி, பென்டிரைவையும் மாற்றி, பயாஸிலும் இரண்டு இடத்தைத் தொட்டபின் விண்டோஸ் ஏறிவிட்டால் எது சரியானது என்று உங்களுக்கே தெரியாது. பாகத்தில் குறை இருந்தால் அது அப்படியே உள்ளே தங்கிவிடும்.

பென்டிரைவிலிருந்து தொடங்கவே இல்லை

ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து வைத்தால் அது பூட் ஆகாது. இன்னொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை ஓடவிட்டு, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் தயார் செய்யுங்கள். கையால் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. யூஇஎஃப்ஐ என்ற இன்றைய பயாஸ் முறையில் பூட் ஆக பென்டிரைவ் பொதுவாக ஃபேட்32 வடிவில் இருக்க வேண்டும். ஃபேட்32லோ 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு உட்காராது. ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் முக்கியக் கோப்பு பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியிருக்கும். ரூஃபஸ் மென்பொருள் இந்தச் சிக்கலைத் தானே சமாளித்துக்கொள்ளும்.

அப்புறம் பூட் மெனு. ஆசுஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐயிலும் அஸ்ராக்கிலும் எஃப்11, கிகாபைட்டில் எஃப்12. அங்கே ஒரே பென்டிரைவ் இரண்டு பெயரில் தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்று தொடங்குவதையே தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் இன்ஸ்டால் தொடங்கத்தான் செய்யும். ஆனால் பாதி வழியில் வேறு பிழையாக வந்து நிற்கும்.

இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது என்கிறது

கடந்த சில வருடங்களில் வந்த பாகங்கள் என்றால் இது பயாஸில் தீர்கிற விஷயம். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். இன்டெல்லில் 8ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, இவற்றிலிருந்து மேலே உள்ள பெரும்பாலான புராசசர்கள் பட்டியலில் உண்டு. டிபிஎம்முக்குத் தனியாகச் சிப் வாங்கத் தேவையில்லை, அது புராசசருக்குள்ளேயோ போர்டின் சிப்செட்டுக்குள்ளேயோ இருக்கிறது. இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். அதை ஆன் செய்யுங்கள், பழைய பூட் முறைக்கான சிஎஸ்எம் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். சிஎஸ்எம்மை ஆஃப் செய்ததும் திரை கறுத்துப்போனால், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிப் போட்ட கிராஃபிக்ஸ் கார்டில் யூஇஎஃப்ஐ ஆதரவு இல்லை என்று பொருள்.

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் சில வரிகளைச் சேர்த்து இந்தச் சோதனையைத் தாண்டிப்போகும் வழி இணையமெங்கும் கிடைக்கிறது. புதிய பாகங்களில் அதைச் செய்யாதீர்கள். பாகத்தில் எல்லாம் இருந்தும் பயாஸில் ஒரு சுவிட்ச் மட்டும் ஆஃபில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே ஏற்றுவது என்று கேட்கிறது, ஆனால் டிரைவ் பட்டியல் காலி

புதிய இன்டெல் கம்ப்யூட்டர்களில் அதிகம் பேரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா இல்லையா என்பதை வைத்துப் பாதை இரண்டாகப் பிரிகிறது.

பயாஸிலும் தெரியவில்லை என்றால் ஸ்லாட்டைப் பாருங்கள். எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகிக் கடைசிவரை உள்ளே தள்ளி, பிறகே அழுத்திப் பிடித்துத் திருக வேண்டும். பாதி உட்கார்ந்த எஸ்எஸ்டியும் திருகு போட்டபின் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். அடுத்து, எம்.2 வடிவத்திலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகையைப் போட்டால் எந்தச் சத்தமும் இல்லாமல் தெரியாமல் போகும். மதர்போர்டு கையேட்டில் எந்த ஸ்லாட் எதை ஏற்கும், எந்த ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் எந்த சாட்டா போர்ட் வேலை செய்யாது என்று ஒரு அட்டவணை இருக்கும். கையேட்டில் மிகவும் பயனுள்ள பக்கம் அது. புராசசரைப் பொறுத்து ஸ்லாட்டே வேலை செய்யாமல் போவதும் உண்டு. இன்டெல்லின் பி560, இசட்590 போர்டுகளில் 10ஆம் தலைமுறைப் புராசசரைப் போட்டால் மேலே இருக்கும் முதல் எம்.2 ஸ்லாட் உயிர்பெறாது. அது 11ஆம் தலைமுறைக்கு உரியது. இங்கே எஸ்எஸ்டியைக் கீழே உள்ள ஸ்லாட்டுக்கு மாற்றினால் வேலை முடிந்தது.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் இன்ஸ்டாலரில் மட்டும் தெரியவில்லை என்றால், இன்டெல்லில் முதல் சந்தேகம் விஎம்டி. 11ஆம் தலைமுறையிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் வந்துவிட்ட ஒரு ஏற்பாடு இது. எஸ்எஸ்டியை நேரடியாகக் காட்டாமல் புராசசருக்குள் இருக்கும் ஒரு கன்ட்ரோலருக்குப் பின்னால் வைத்துவிடும். அந்தக் கன்ட்ரோலருக்கான டிரைவர் விண்டோஸ் இன்ஸ்டாலரில் இல்லையென்றால் எஸ்எஸ்டி இருப்பதே அதற்குத் தெரியாது.

இதற்கு இரண்டு வழி. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைக்கப்போவதில்லை என்றால், வீட்டில் அநேகமாக யாரும் அமைப்பதில்லை, பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்துவிடுங்கள். என் தேர்வு எப்போதும் இதுதான். ரெய்டு வேண்டும் என்பவர்கள் போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பிரித்த நிலையில் பென்டிரைவில் ஒரு ஃபோல்டராக வைத்து, இன்ஸ்டாலரில் லோட் டிரைவர் பட்டனை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்ட வேண்டும். இறக்கிய செட்டப் கோப்பை அப்படியே வைத்தால் இன்ஸ்டாலருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

எந்த வழியானாலும் விண்டோஸ் ஏறும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஏறியபின் விஎம்டியை மாற்றினால் அடுத்த பூட்டிலேயே நீலத்திரை வரும். ஏஎம்டி போர்டில் இதே நிலை வந்தால் சாட்டா மோடு, என்விஎம்இ ரெய்டு இரண்டில் ஏதாவது ரெய்டில் நிற்கிறதா என்று பாருங்கள். சாட்டா ஏஹெச்சிஐயில் இருக்க வேண்டும், என்விஎம்இ ரெய்டு ஆஃபில் இருக்க வேண்டும்.

இன்னும் குழப்பம் தீரவில்லையா? வேறொரு பென்டிரைவில் உபுண்டு என்ற இலவச ஓஎஸ்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் லைவாக ஓடவிட்டு, டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து பாருங்கள். அங்கே எஸ்எஸ்டி தெரிந்தால் அது நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்குக் குறைவது விண்டோஸுக்கான டிரைவர் மட்டும்.

இதே கட்டத்தில் வரும் இன்னொரு செய்தி பலரைத் தவறான பாதையில் அனுப்பிவிடுகிறது. கம்ப்யூட்டருக்குத் தேவையான மீடியா டிரைவர் இல்லை என்று அது சொல்லும். படித்தால் எஸ்எஸ்டியின் டிரைவரைக் கேட்பதுபோல இருக்கும். பெரும்பாலும் அது பென்டிரைவையே படிக்க முடியாமல் தவிப்பதன் அடையாளம். கேபினட்டின் முன்பக்க போர்ட்டிலிருந்து எடுத்து, பின்பக்கத்தில் போர்டிலேயே இருக்கும் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். அப்படியும் வந்தால் பென்டிரைவை மறுபடி தயார் செய்யுங்கள்.

டிரைவ் தெரிகிறது, ஆனால் அதில் ஏற்ற முடியாது என்கிறது

ஜிபிடி அல்லது எம்பிஆர் என்ற சொல் அந்தச் செய்தியில் இருந்தால், நீங்கள் பூட் செய்த முறையும் டிஸ்க்கின் பார்ட்டிஷன் முறையும் ஒத்துப்போகவில்லை. யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்தால் ஜிபிடி வேண்டும். புதிய எஸ்எஸ்டியில் இது அபூர்வம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்ட டிரைவில்தான் வரும். அதில் உள்ள தரவு வேண்டாம் என்று உறுதியாக இருந்தால் மட்டும் ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தி, வரும் கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட் என்று தட்டுங்கள். லிஸ்ட் டிஸ்க் கொடுத்து அளவை வைத்து உங்கள் டிரைவின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அடுத்து செலக்ட் டிஸ்க்கும் அந்த எண்ணும், பிறகு கிளீன், கடைசியாக கன்வெர்ட் ஜிபிடி. கிளீன் கட்டளை உறுதிதானா என்று கேட்காமலே எல்லாவற்றையும் துடைத்துவிடும். மற்ற டிரைவ்களைக் கழற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய பார்ட்டிஷனை உருவாக்கவும் முடியவில்லை, பழையதையும் காணவில்லை என்ற பிழை வேறு ரகம். இரண்டு, மூன்று டிரைவ் இருக்கும்போது எதில் பூட் கோப்புகளை வைப்பது என்பதில் இன்ஸ்டாலர் தடுமாறுகிறது. ஒரே டிரைவை மட்டும் விட்டு, அதில் இருக்கும் பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்து, ஒதுக்கப்படாத இடம் என்று வருவதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். பார்ட்டிஷன்களை அதுவே அமைத்துக்கொள்ளும். இரண்டு டிரைவோடு ஏற்றி, பிழை எதுவும் வராமல் போவது இன்னும் மோசம். பூட் பார்ட்டிஷன் பழைய ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடலாம். பின்னாளில் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் அன்று கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.

கோப்புகளை ஏற்றும்போது பாதியில் நிற்கிறது

சதவீதம் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று ஒரு பிழை எண் வரும். அதன் கடைசி இலக்கங்கள் 80070570, 80070017, 8007025டி என்பதுபோல இருக்கும். கோப்பு சிதைந்துள்ளது அல்லது படிக்க முடியவில்லை என்பதே இவற்றின் சாரம். புதிய கம்ப்யூட்டரில் நான் அதிகம் பொறுமையோடு பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். சிதைவு மூன்று இடத்தில் நேரலாம். பென்டிரைவில் இருக்கும்போதே சிதைந்திருக்கலாம், ரேமில் சிதைந்திருக்கலாம், புராசசர் விரிக்கும்போது சிதைந்திருக்கலாம்.

பென்டிரைவை விலக்குவது சுலபம். வேறொரு பென்டிரைவ், வேறொரு போர்ட், புதிதாக இறக்கிய கோப்பு. அதிலும் நின்றால், நிற்கும் சதவீதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு சதவீதத்தில் நின்றால், அல்லது ஒருமுறை பிழை எண், மறுமுறை நீலத்திரை, இன்னொருமுறை அப்படியே உறைந்துபோவது என்று மாறி மாறி வந்தால், ரேமைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ரேம் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்தால் கிடைக்கும் வேகம். அது தொழில்நுட்பத் தரத்துக்கு மேலே போவது. எல்லாப் புராசசரும் எல்லாப் போர்டும் அதைத் தாங்கும் என்று உறுதியில்லை. இரண்டு வெவ்வேறு செட்டைக் கலந்து போட்டாலும், டிடிஆர்5இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினாலும் தாங்கும் வாய்ப்பு இன்னும் குறையும். ஆகவே இயல்பு வேகத்தில், ஒரே ஒரு ரேமை மட்டும், நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு முயலுங்கள். டிடிஆர்5 போர்டில் ரேமை மாற்றியபின் முதல்முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். போர்டு அந்த ரேமுக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. பொறுமையிழந்து பவரை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86. இதையும் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, சில மணி நேரம் ஓடவிட வேண்டும். ராத்திரி தூங்கப் போகும்போது தொடங்கிவிடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். ஆயிரத்தில் ஒன்று பரவாயில்லை என்று இதில் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. பிழை வந்தால் ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள், பிறகு வேறு ஸ்லாட்டிலும் அப்படியே. ஒன்றில் மட்டும் வந்தால் ரேம் பழுது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் வந்தால் போர்டு பழுது. இல்லையென்றால் புராசசர் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கலாம், கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருக்கலாம்.

ரேம் சுத்தம் என்று தெரிந்தபின்னும் நின்றால் புராசசர். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்கள் சிலவற்றில், தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் உள்ளே தேய்மானம் ஏற்படுவதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அந்த வருடம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்களை வெளியிட்டது, பாதிக்கப்பட்ட வரிசைகளுக்கு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. பெரிய கோப்புகளை விரிக்கும்போது பிழை வருவது இந்தக் கோளாறின் பரவலான அடையாளங்களில் ஒன்று. திருத்தம் பயாஸ் அப்டேட் வழியாக வரும். அது இனிமேல் தேய்வதைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. சீல் பிரிக்காத புதிய புராசசருக்குப் புதிய பயாஸ் போதும். ஐ7, ஐ9 வரிசையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது என்றால் கூடுதல் கவனம் தேவை. பயாஸில் பெர்ஃபாமன்ஸ் கோர்களின் வேகத்தைச் சில படி குறைத்து முயலுங்கள். அப்போது மட்டும் விண்டோஸ் சுத்தமாக ஏறினால், குற்றவாளி அந்தப் புராசசர்தான்.

ஏறும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது

செய்தி எதுவும் இல்லாமல் பொட்டென்று அணைந்தால் சூட்டைப் பாருங்கள். பயாஸில் சும்மா நிற்கும்போது புராசசர் 35 முதல் 50 டிகிரிக்குள் இருப்பது வழக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 80, 90 என்று ஏறினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை. லிக்விட் கூலர் என்றால் பம்ப்பின் ஒயர் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சூடு சரியாக இருந்தும் அணைந்தால், பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து புராசசருக்குப் போகும் 8 பின் ஒயரைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள்.

முடிந்ததுபோல் தோன்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது

இது பழுதே இல்லை. முதல் ரீஸ்டார்ட்டில் கம்ப்யூட்டர் மறுபடி பென்டிரைவிலிருந்தே பூட் ஆகிவிட்டது. ரீஸ்டார்ட் ஆகும் நொடியில் பென்டிரைவைக் கழற்றுங்கள், அல்லது பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் எதிர்பாராமல் ரீஸ்டார்ட் ஆனதால் தொடர முடியவில்லை என்ற செய்தி சுற்றிச் சுற்றி வந்தால் விஷயம் வேறு. ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றி இதைத் தாண்டிவிடலாம் என்பார்கள். புதிய கம்ப்யூட்டரில் அப்படித் தாண்டாமல் மேலே சொன்ன ரேம் சோதனைக்குத் திரும்புங்கள்.

எல்லாம் ஏறிவிட்டது, நெட் இல்லாமல் நகரவில்லை

போர்டு புதியதாக இருந்தால் அதன் வைஃபைக்கும் லேனுக்கும் விண்டோஸில் டிரைவர் இல்லாமல் போகலாம். அக்கவுன்ட் அமைக்கும் திரையோ நெட் இல்லாமல் விடாது. நெட் கேட்காமல் தாண்டும் பழைய கட்டளைகளை மைக்ரோசாஃப்ட் புதிய பதிப்புகளில் ஒவ்வொன்றாக நீக்கி வருவதால் அவற்றை நம்பி உட்கார வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளால் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் விண்டோஸ் அதைத் தனி டிரைவர் இல்லாமலே நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். நெட் இருந்தும் சைன் இன் ஆகவில்லையென்றால் பயாஸில் தேதியைப் பாருங்கள். அது பல வருடம் பின்னால் நின்றால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போகும்.

கடைக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தால்

ஓஎஸ் ஏறவில்லை என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் தன்னிடம் உள்ள பென்டிரைவைப் போட்டுப் பார்ப்பார், ஏறினாலும் ஏறிவிடும், நீங்கள் வீட்டுக்கு வந்ததும் மறுபடி நிற்கும். மெம்டெஸ்ட் பிழைத் திரையை, எந்த ரேம், எந்த ஸ்லாட் என்ற குறிப்போடு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பயாஸ் பதிப்பு எண்ணும் பில்லும் கூடவே இருக்கட்டும். வாரன்டி பேச அவை உதவும்.

விண்டோஸ் நல்லபடியாக ஏறியபின் முதலில் சிப்செட் டிரைவர், பிறகு கிராஃபிக்ஸ் டிரைவர். ஆஃப் செய்து வைத்த எக்ஸ்எம்பியை அதற்குப் பிறகு ஆன் செய்து, அந்த வேகத்தில் மெம்டெஸ்ட்டை இன்னொரு ராத்திரி ஓடவிடுங்கள். அதில் பிழை வந்தால் ஒரு படி குறைந்த வேகத்தை வைத்து மறுபடி சோதியுங்கள். பிழையே வராத வேகம் கிடைத்தபின், கழற்றி வைத்த மற்ற டிரைவ்களை ஒவ்வொன்றாக இணைக்கலாம்.